லிஸ்பனைச் சுற்றி ஐந்து நாள் கேம்பர்வேன்: முதலில் இரவுகளை முடிவு செய்யுங்கள்

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். செப்டம்பர் கடைசி வாரத்தில் மனைவி, எட்டு வயது மகள், அறுபத்து மூன்று வயது அம்மா ஆகியோருடன் போர்ச்சுகலின் தலைநகரம் லிஸ்பன் வருகிறார். கையில் ஏழு நாள். அதில் ஐந்து நாள் கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) எடுத்து லிஸ்பன், சின்ட்ரா, வடக்கே போர்ட்டோ, தெற்கே அல்கார்வ் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? ராத்திரி கடலோரத்தில் பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கலாமா? சைவம் மட்டும் சாப்பிடுகிற அம்மாவுக்கு என்ன செய்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு, முடியாது. இரண்டாவதற்கு, பெரும்பாலும் கூடாது. மூன்றாவது, நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

லிஸ்பனிலிருந்து போர்ட்டோ 310 கிலோமீட்டர் சொச்சம். அல்கார்வின் தலைநகரம் ஃபாரோ எதிர்த்திசையில் 280 சொச்சம். காரில் மூன்று மணி நேரம் என்று வரைபடம் காட்டும். வேனில் அது நாலு மணி நேரம். ஆறு மீட்டர் நீள வண்டி, பின்னால் தட்டு தம்ளர் குலுங்கும், காற்றடித்தால் பக்கவாட்டில் தள்ளும். அடுத்து ஒவ்வொரு ஊரிலும் நிறுத்த இடம் தேடி அரை மணி போகும். இரண்டு திசையும் போனால் ஐந்தில் மூன்று நாள் நெடுஞ்சாலையின் தடுப்புச் சுவரைப் பார்த்தே கழிந்துவிடும். ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் வடக்கைச் சொல்வேன், அதுவும் கடலோர ஊரான நசரே வரைதான். போக வர, சுற்றல் எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டருக்குள் முடியும்.

திட்டம் போடும்போது எல்லோரும் செய்கிற தவறு, பார்க்கிற இடங்களை முதலில் எழுதுவது. வேன் பயணத்தில் எங்கே தூங்கப் போகிறோம் என்பதை முதலில் எழுத வேண்டும். நாலு இரவுக்கும் இடம் உறுதியாகிவிட்டால் பகலில் எப்படி வேண்டுமானாலும் திரியலாம். இரவு உறுதியில்லை என்றால் மாலை நாலு மணிக்கே மனசு பதற ஆரம்பித்துவிடும். எவ்வளவு அழகான கடலும் கண்ணில் ஏறாது.

இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் போர்ச்சுகல் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே வேனில் இரவு தங்குவதை நாடு முழுக்கத் தடை செய்தது. கூச்சல் கிளம்பியதும் அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்தினார்கள். இப்போது உள்ள நிலை: ஒரே நகராட்சி எல்லைக்குள் 48 மணி நேரம் வரை வண்டிக்குள் தூங்கலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும், கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு உட்பட்ட பகுதிகளிலும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே அனுமதி பெற்ற இடத்தில் மட்டும்தான் தங்க வேண்டும். நீங்கள் மனசில் வைத்திருக்கிற பாறை விளிம்பு, மணல் திட்டு, கடல் பார்த்த திறந்தவெளி எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வரும். மீறினால் அபராதம், பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அது இரட்டிப்பு.

இன்னொரு நுணுக்கம். வண்டிக்குள் தூங்குவது வேறு, வண்டியின் அளவைத் தாண்டி இடம் பிடிப்பது வேறு. நாற்காலி, மேசை போடுவது, பந்தல் துணியை விரிப்பது எல்லாம் இரண்டாவது வகை. தெருவோரம் நின்று இட்லிப் பானையை வெளியே எடுத்து வைத்தீர்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் வேறு கணக்கு. அந்த ஆசை இருந்தால் கேம்பிங் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. எரிசெய்ராவுக்கு வடக்கே ஒரு பாறை முகட்டில் நாலைந்து வேன்கள் ஏற்கெனவே நின்றன. கூட்டத்தோடு கோவிந்தா என்று நானும் நிறுத்தினேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடியில் தட்டல். டார்ச் வெளிச்சம், இரண்டு காவலர்கள், மரியாதையான குரல். அபராதம் போடவில்லை, கிளம்பச் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில், கடலிலிருந்து ஏறிய மூடுபனியில், வளைவுச் சாலையில் வேனை இறக்கிய அந்த இருபது நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை. உங்கள் அம்மாவும் குழந்தையும் அதைப் பார்க்க வேண்டாம்.

கேம்பிங் தளம் தவிர, போர்ச்சுகல் முழுக்க வேன்களுக்கென்றே நகராட்சியோ தனியாரோ நடத்துகிற நிறுத்தங்கள் உண்டு. நல்ல தண்ணீர் பிடிக்கலாம், கழிவுநீரை இறக்கலாம், சில இடங்களில் கரண்ட் கிடைக்கும். தளத்தைவிட மலிவு. ஆனால் அங்கே குளியலறை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குழந்தைக்கு விளையாட இடமும் இருக்காது. நாலு பேர், அதில் ஒருவர் அம்மா என்றால் நான் நாலு இரவையும் கேம்பிங் தளத்திலேயே போடுவேன். நாலு பேருக்கும் வண்டிக்கும் கரண்டுக்கும் சேர்த்து இரவுக்கு முப்பது, நாற்பது யூரோ என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் என்றால் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. செப்டம்பர் கடைசியில் தளம் பாதி காலியாக இருக்கும், கடற்காற்றின் முரட்டுத்தனமும் குறைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே மதியத்துக்கு மேல் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும், ‘நொர்த்தாத’ என்பார்கள். பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம்.

சரி, வண்டி. நாலு பேர் தூங்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். நாலு பேர் பெல்ட் போட்டு உட்காரலாமா என்று தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. சின்ன வேன்களில் இரண்டு படுக்கை கீழே, இரண்டு படுக்கை கூரையைத் தூக்கினால் மேலே. மேலே ஏற ஒரு குட்டி ஏணி. உங்கள் அம்மா ராத்திரி ஒரு முறை எழுந்திருப்பவர் என்றால் அவருக்குக் கீழ்ப்படுக்கைதான், அதுவும் கதவுப் பக்கம். அவர் எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் எழ வேண்டியிருக்குமா என்பதையும் படத்தில் பாருங்கள். எனக்கு இதைவிட நல்லதாகத் தோன்றும் வழி, பெரிய கேம்பிங் தளங்களில் வாடகைக்கு விடுகிற சின்ன மரவீடு. ஓர் இரவுக்காவது ஒன்று எடுத்து, அம்மாவும் பேத்தியும் அதில் தூங்கட்டும். முதல் இரவு வேனில் தூங்கியவர்களின் இடுப்பு மறுநாள் காலை என்ன பேசும் என்பது எனக்குத் தெரியும்.

மகளுக்கு வருவோம். பன்னிரண்டு வயதுக்குள், உயரம் 135 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். வண்டியின் உயரத்தை மீட்டரில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிடுங்கள். கடற்கரை நிறுத்தங்களின் வாசலில் இரும்புக் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள், வேன்கள் வரக்கூடாது என்றே. நகரத்து நிலத்தடி நிறுத்தங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். இரண்டையும் அசலாகவே கையில் வைத்திருங்கள். வண்டியை எடுக்கும்போது கிரெடிட் கார்டில் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ வரை முன்பணமாக முடக்குவார்கள். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள்: கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்காது, வரம்பு போதாது, அல்லது ஓ.டி.பி. வருகிற இந்திய எண்ணுக்கு ரோமிங் இருக்காது. மூன்றையும் ஊரிலேயே சரிபார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்குவதே இல்லை.

வண்டியைக் கையில் வாங்கும்போது சுற்றிலும், கூரையும் அடிப்பக்கமும் உள்பட, வீடியோ எடுங்கள். ஒரு தடவை நான் சோம்பல்பட்டேன். திருப்பிக் கொடுக்கையில் பின்பக்க மூலையில் ஒரு கீறலைக் காட்டினார்கள். அது எனக்கு முன்னாடியே இருந்தது என்று இப்போதும் சத்தியம் செய்வேன். சத்தியத்துக்கு அங்கே மதிப்பில்லை.

முதல் இரண்டு நாள் லிஸ்பனை வேன் இல்லாமல் பாருங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய பேட்டைகளில் டிராம் போகும்போது சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள் உண்டு, அங்கே வேனுக்கு என்ன வேலை? சின்ட்ராவும் அப்படியே. ரொசியு நிலையத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிஷம்தான். சின்ட்ராவின் பழைய நடுவூருக்குள் வெளியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, மலைச் சாலை ஒருவழி, நிறுத்தம் கிடையாது. வேனோடு போனவர்கள் பேனா அரண்மனையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிய கதை நிறைய. அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு. முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், வாசலிலிருந்து மாளிகைக்கு ஏற அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு நாளில் ஒரு மாலை மார்த்திம் மொனிஷ் போய்விடுங்கள். லிஸ்பனின் நடுவில் நம் நாட்டுப் பக்கத்துக் கடைகள் குவிந்த இடம் அது. பாசிப்பருப்பு, கடுகு, பெருங்காயம், அப்பளம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஊரிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவரக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அம்மா டப்பாவில் வைத்து அனுப்புகிற நெய் விமான நிலையக் குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்க்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. பொடி வகைகளைத் தாராளமாகக் கட்டுங்கள்.

மூன்றாம் நாள் காலை வேன். விளக்கம் கேட்டு, சாமான் ஏற்றிக் கிளம்ப மதியம் ஆகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கஷ்கைஷ் தாண்டி கின்ஷு கடற்கரைக்குப் பக்கத்தில் பைன் காட்டுக்குள் ஒரு கேம்பிங் தளம் இருக்கிறது. அழகை மட்டும் வைத்து அதைச் சொல்லவில்லை. முதல் இரவில்தான் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, அடுப்பு பற்றவில்லை, படுக்கை விரியவில்லை என்று தெரியவரும். லிஸ்பனுக்குப் பக்கத்தில் இருந்தால் காலையில் திரும்பிப் போய்க் கேட்கலாம்.

மறுநாள் காலை ரொக்கா முனை. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி இதுதான். கடலுக்கு மேலே 140 மீட்டர் செங்குத்து. மகளின் கையை விடாதீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படம் எடுக்கிற கூட்டத்தைப் பார்த்து அவளுக்கும் ஆசை வரும். அரை மணி போதும், காற்று அதற்கு மேல் நிற்கவிடாது. அங்கிருந்து கடலோரமாக என்247 சாலையில் எரிசெய்ரா. வெள்ளைச் சுவர், நீலப் பட்டை, கீழே மீனவர் கடற்கரை. 1910 அக்டோபர் 5 அன்று, குடியரசு அறிவிக்கப்பட்ட நாளில், கடைசி அரசர் இரண்டாம் மனுவேல் குடும்பத்தோடு படகேறி நாட்டை விட்டுப் போனது இந்த மணலிலிருந்துதான். இன்றைக்கு அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். 2011இல் உலக அலைச்சறுக்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது, ஐரோப்பாவில் இதுவே முதல். இரண்டாம் இரவு இங்கேதான்.

எரிசெய்ராவிலிருந்து உள்ளே பத்து கிலோமீட்டரில் மாஃப்ரா அரண்மனை. 1717இல் ஐந்தாம் ஜுவாவ் கட்டத் தொடங்கியது. பிரேசில் தங்கம் எங்கே போனது என்று கேட்பவர்களை நான் இங்கேதான் கூட்டிவருவேன். அதன் நூலகத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. ராத்திரி பறந்து பூச்சிகளைத் தின்று புத்தகங்களைக் காக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு எதுவும் நினைவிருக்காது, இது இருக்கும்.

மூன்றாம் இரவு பெனிஷ் பக்கம், பலியாலில். பெனிஷ் கொஞ்சம் கரடுமுரடான மீன்பிடி ஊர், படத்துக்கு நன்றாக வராது. எனக்குப் பிடித்த ஊர். அங்கேயுள்ள கோட்டை சர்வாதிகாரி சலசார் காலத்தில் அரசியல் கைதிகளின் சிறை. 1960 ஜனவரி 3 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் அல்வாரோ குன்யால் உள்பட பத்துப் பேர், ஒரு காவலரின் துணையோடு, படுக்கை விரிப்புகளை முடிந்து சுவரில் இறங்கித் தப்பினார்கள். 2024இல் அதை எதிர்ப்பு, விடுதலை பற்றிய தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சுவரின் மேல் நின்று கீழே பாறையில் அடிக்கிற கடலைப் பாருங்கள். நூலகத்து வௌவாலுக்குப் போட்டியாக மகளுக்கு இன்னொரு கதை கிடைத்துவிடும்.

நாலாம் இரவுக்கு நசரே. வழியில் ஓபிதுஷ் மதில் ஊரில் இரண்டு மணி நேரம் போதும். வேனை ஊருக்கு வெளியே, பழைய நீர்ப்பாலத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மதில்மேல் நடக்கிற பாதையின் உட்புறத்தில் கைப்பிடி கிடையாது. அம்மாவும் குழந்தையும் கீழே தெருவிலேயே நடக்கட்டும். மிச்ச நேரத்தை அல்கோபாசாவுக்குக் கொடுங்கள்.

அல்கோபாசா 1153இல் தொடங்கிய மடாலயம். உள்ளே எந்த ஆடம்பரமும் இல்லை. உயரமும் வெளிச்சமும் மட்டும்தான். அதன் சிலுவை வடிவத் தேவாலயத்தின் இரு கைகளிலும் இரண்டு கல்லறைகள். அரசர் முதலாம் பெத்ருவும் இனேஷும். இளவரசராக இருந்தபோது அவர் காதலித்த பெண் இனேஷ். 1355இல் அவருடைய தந்தையான அரசரின் ஆணையால் கொல்லப்பட்டாள். பெத்ரு அரியணை ஏறிய பிறகு அவளுக்கும் தனக்கும் கல்லறை செய்யச் சொன்னார். இரண்டும் காலுக்குக் கால் எதிராக வைக்கப்பட்டிருக்கின்றன. கடைசித் தீர்ப்பு நாளில் எழுந்து உட்காரும்போது முதலில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். என் அம்மா வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு இனேஷின் தலைமாட்டில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மடத்துச் சமையல்கட்டுக்குப் போய், அந்தப் பிரமாண்டப் புகைபோக்கியையும், ஆற்று நீரை வாய்க்காலாக உள்ளேயே கொண்டுவந்திருப்பதையும் பார்த்து, “நம்ம கல்யாண மண்டபத்துக்கு இது வேணும்” என்றார்.

நசரேயின் பெரிய அலையை இப்போதே எதிர்பார்க்க வேண்டாம். அதன் பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், கடைசியில் சுமார் 5,000 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. ஆழத்தின் மேல் வரும் அலை வேகம் குறையாமல் வரும். பக்கத்துத் திட்டின் மேல் வருவது மெதுவாகும். இரண்டும் வடக்குக் கடற்கரை முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது கட்டட உயரத்துக்கு எழும்புகிறது. 2020 அக்டோபர் 29 அன்று செபாஸ்டியன் ஷ்டாய்ட்னர் சறுக்கிய அலை 26.21 மீட்டர் என்று அளந்தார்கள். அந்த முனையின் கலங்கரை விளக்குக் கோட்டையில் நின்றால் அலை இல்லாத நாளிலும் இடத்தின் அமைப்பு புரியும்.

கீழே ஊர்க் கடற்கரையில் இன்னொரு காட்சி. மீனைப் பிளந்து, வலை அடித்த மரச்சட்டங்களில் வெயிலுக்குக் காயவைத்திருப்பார்கள். பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ பார்த்தவர்களுக்கு வாசனையே வழிகாட்டும். உங்கள் அம்மா காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடந்துகொள்ளட்டும்.

குளிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்த அட்லான்டிக் தண்ணீர் செப்டம்பரிலும் 20 டிகிரியைத் தொடுவது அரிது. ஏற்ற இறக்கமும் நம் கடலைப் போல இல்லை. பெரிய நாள்களில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் விரித்த துணி மதியம் கடலில் இருக்கும். பச்சைக் கொடி இருந்தால் இறங்கலாம், மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் காலே நனைக்க வேண்டாம். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி என்றால் காவலர் அந்த நேரம் இல்லை என்று பொருள்.

சாப்பாடு. ஓட்டல்களில் காய்கறி சூப் எங்கும் உண்டு, ஆனால் புகழ்பெற்ற கீரை சூப்பில் பன்றித் தொத்திறைச்சி ஒரு துண்டு மிதக்கும். “ஸேன் கார்னி, ஸேன் பெய்ஷி” என்று சொல்லிப் பழகுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இரண்டையும் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சாலடில் சூரை மீனைத் தூவிச் சிரித்துக்கொண்டே வைப்பார்கள். மற்றபடி இது அரிசி சாப்பிடுகிற நாடு, கொத்தமல்லித்தழையைக் கட்டுக்கட்டாக விற்கிற நாடு. சூப்பர்மார்க்கெட்டில் ‘கரொலீனு’ என்ற குண்டு அரிசி கிடைக்கும், குழைவாக வேகும், தயிர்சாதத்துக்கென்றே பிறந்த மாதிரி. தயிர் வாங்கும்போது சர்க்கரை சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள். கெட்டித் தயிர் டப்பாக்களில் பாதி இனிக்கும். வேனுக்குள் தாளிக்காதீர்கள். கடுகும் பெருங்காயமும் மெத்தையில் ஏறினால் ஐந்து நாளும் இறங்காது. தளத்தில் வெளியே அடுப்பு வைக்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திறந்த நெருப்பு மட்டும் கூடவே கூடாது, காட்டுத்தீ பயம் இங்கே நிஜம்.

வண்டி கிளம்பும் முன் அலமாரிக் கதவுகளின் கொண்டியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நான் மறந்த நாளில் முதல் ரவுண்டானாவிலேயே சாம்பார்ப் பொடி டப்பா பறந்து வந்தது. அலமாரி என்றதும் ஞாபகம் வருகிறது: அந்தச் சொல்லே இவர்களிடமிருந்து நமக்கு வந்ததுதான். சாவி, ஜன்னல், மேசை எல்லாமும் அப்படியே. வேன் கொடுக்கிற ஆள் ‘ஷாவ்’ என்று சாவியை நீட்டும்போது அம்மா திரும்பிப் பார்ப்பார்.

ஓட்டுவதில் மூன்று சங்கதி. வலப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பது தெரிந்ததே; அடையாளம் எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் வழி. ரவுண்டானாவில் வெளி வரிசை, முதல் திருப்பத்திலேயே வெளியேறுபவருக்கு மட்டும். மற்றவர்கள் உள் வரிசையில் சுற்றி, தங்கள் திருப்பத்துக்கு முன்னால் வெளியே வர வேண்டும். பங்கில் ‘கசோலியு’ என்றால் டீசல், ‘கசொலீனா’ என்றால் பெட்ரோல். பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், குழாயைப் பிடிக்கும் முன் வண்டியின் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டோல்கேட்டில் ‘வியா வெர்தே’ என்று பச்சையில் எழுதிய பாதை, கருவி பொருத்திய வண்டிகளுக்கு. உங்கள் வேனில் கருவி உண்டா, கட்டணத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

காட்சிமுனைகளிலும் கடற்கரை நிறுத்தங்களிலும் கண்ணாடியை உடைத்துப் பை எடுப்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டும் பணமும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். அதைவிடப் பத்திரமான பெட்டகம் எந்த வேனிலும் இல்லை. அவசரத்துக்கு எண் 112.

வடக்கு வேண்டாம், கூட்டம் குறைவாக வேண்டும் என்றால் தெற்கே ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. செத்தூபல், அர்ராபிதா மலைச் சாலை, செத்தூபலிலிருந்து வேனோடு படகில் ஏறி த்ரோயா, அப்புறம் கொம்போர்த்தாவின் நெல்வயல்கள். கம்பத்தின் மேல் நாரை கூடு கட்டியிருக்கும், கீழே நெல் விளைந்திருக்கும். மூன்று நாள் போதும். அர்ராபிதா இயற்கைப் பூங்கா என்பதால் அதற்குள் வேனில் இரவு தங்கக் கூடாது, கோடையில் கடற்கரைகளுக்குக் கார் போகவே கட்டுப்பாடு. திரும்பும்போது தேஜோ ஆற்றின் பாலத்தில் லிஸ்பனுக்குள் வருகிற பக்கம் மட்டும் கட்டணம். குழந்தையோடு முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் வடக்கைச் சொல்வது, தளங்களும் ஊர்களும் அங்கே நெருக்கமாக இருப்பதால்தான்.

கடைசி நாள் நசரேயிலிருந்து ஏ8 சாலையில் லிஸ்பன் 120 கிலோமீட்டர். காலையில் தளத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கேசட் டாய்லெட்டையும் (கழற்றி எடுக்கிற கழிவறைத் தொட்டி) கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். வழியில் இடம் தேட முடியாது, நிரம்பியபடி கொடுத்தால் அதற்குத் தனிக்கட்டணம். அந்த வேலையை யார் செய்வது என்று முதல் நாளே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். லிஸ்பனை நெருங்கும்போது டீசல் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்றால் மூன்றரைக்கு அங்கே இருங்கள். விமானம் அன்றைக்கே வேண்டாம், மறுநாள் போடுங்கள்.